வெள்ளை வந்தால் எங்கள் கல்லூரி

மே 9, வெள்ளி

நேற்று பிளஸ் டூ ரிசல்ட். பிள்ளைகளுக்குப் பரீட்சை முடிந்தது, எங்களுக்குத் தொடங்கிவிட்டது.

காலையில் செமினார் ஹாலில் கூட்டம். பிரின்சிபால் மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இந்த ரெண்டு மாசம் நீங்க ஆசிரியர்கள் மட்டும் இல்ல, நம்ம கல்லூரியோட தூதுவர்கள்" என்றார். தூதுவர் என்றால் என்னவென்று எங்களுக்குத் தெரியும். ஒரு கட்டு நோட்டீஸ், ஊர் ஊராக அலைச்சல், நாய்க்கடிப் பயம். ஆளுக்கு ஐந்து அட்மிஷன் கொண்டுவர வேண்டும். கம்ப்யூட்டர் துறைக்காரர்களுக்கு இதெல்லாம் கரும்பு தின்னக் கூலி. எங்கள் சிவில் துறையில் போன வருஷம் சேர்ந்ததே மூன்று பேர். அதில் ஒருவன் தீபாவளிக்கு ஊருக்குப் போனவன் திரும்பவில்லை.

கடைசியில் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார். ஜூன் முடிவதற்குள் ஐந்து பேரைச் சேர்க்காத சிவில் ஸ்டாஃப், ஜூலையில் சிரமப்பட்டு வர வேண்டாமாம். 'சிரமப்பட்டு' என்பதை அவராகவே போட்டுக்கொண்டார். அவ்வளவு கரிசனம்.

ஒன்பது வருஷமாக இங்கே மண் பொறியியல் நடத்துகிறேன். இந்த டைரிகூடக் கல்லூரி கொடுத்ததுதான். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் 'உன் எதிர்காலம் உன் கையில்' என்று அச்சடித்திருக்கிறார்கள். என் எதிர்காலம் எந்த ஊரில் எந்தப் பிள்ளையின் கையில் இருக்கிறதோ. 

வீட்டுக்கு வந்ததும் இவரிடம் ஐந்து பேர் விஷயத்தைச் சொன்னேன். ஜூலை விஷயத்தைச் சொல்லவில்லை. இவருடைய தறி வாரத்தில் மூன்று நாள்தான் ஓடுகிறது. அவருக்கு அவர் கவலையே போதும்.

மே 12, திங்கள்

எனக்கு ஜோடி கணிதத் துறை புவனேஸ்வரன் சார். அவருடைய பழைய காரில் போகிறோம். பிளஸ் டூ முடித்த பிள்ளைகளின் பெயர், ஊர், போன் நம்பர் எல்லாம் ஆபீசில் கொடுத்துவிட்டார்கள். எந்தப் பள்ளியிலிருந்து எப்படி வந்தது என்று கேட்கக் கூடாது.

வெள்ளகோவில் பக்கம் ஒரு வீடு. சார் வாசலிலேயே, "பொண்ணு இருக்குதுங்களா? பாத்துப் பேசிட்டுப் போலாம்னு வந்தோம்" என்றார். வீட்டுக்காரருக்கு முகமெல்லாம் பல். ஃபேனைப் போட்டார்கள். நாற்காலியைத் துடைத்தார்கள். ஐந்து நிமிஷத்தில் கேசரியும் பஜ்ஜியும் வந்துவிட்டன. எங்கள் கல்லூரிக்கு இவ்வளவு மரியாதையா என்று எனக்கே கண் கலங்கியது.

"எடம் எத்தன ஏக்கருங்க?" என்றார் வீட்டுக்காரர்.

"முப்பத்திரெண்டு ஏக்கருங்க. சுத்தியும் காம்பவுண்டு போட்டாச்சு" என்றார் சார்.

"தண்ணி?"

"சொந்த போருங்க."

"உங்களுக்குப் பசங்க எத்தன பேரு?"

"ஆயிரத்து எறநூறுங்க. பசங்க தனி, பொண்ணுங்க தனி."

வீட்டுக்காரர் பஜ்ஜித் தட்டைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். மூத்த பெண்ணைப் பார்க்க இன்றைக்கு மாப்பிள்ளை வீட்டார் வருவதாக இருந்திருக்கிறது. நாங்கள் தேடிப் போனது இளையவளை. அவள் ஏற்கெனவே நர்சிங்கில் சேர்ந்துவிட்டாளாம். சார் கையிலிருந்த கேசரியை முடித்துவிட்டுத்தான் எழுந்தார்.

வரும் வழியெல்லாம் சிரித்தோம். வீட்டுக்கு வந்து மகள் யாழினிக்குத் தலை வாரும்போதுதான், ஒரு அட்மிஷன்கூட ஆகவில்லை என்பது உறைத்தது.

மே 16, வெள்ளி

ஒன்று. எதிர்வீட்டு அக்காவின் தம்பி மகன். அவனுக்கு எந்தப் படிப்பானாலும் சரியாம், பஸ் வீட்டு வாசலுக்கு வந்தால் போதுமாம். தங்கமான பிள்ளை.

மே 20, செவ்வாய்

கல்லாங்காட்டுப்புதூர். பெயருக்கு ஏற்ற ஊர். கிட்டுசாமி என்பவரின் வீடு. மகள் பவதாரணி, அறுநூறுக்கு ஐந்நூற்று இருபத்தேழு. இப்படி மார்க் எடுத்த பிள்ளைகள் எங்கள் கல்லூரிப் பக்கம் வருவதே இல்லை. சார் காரிலேயே கை தேய்க்க ஆரம்பித்துவிட்டார்.

வீட்டுக்குப் பின்னால் நான்கு இடத்தில் வெள்ளைச் சாம்பல் போலக் குவியல். போர் போட்ட தூள். நான்கு போர், நான்கும் வறட்டுப் போர். நீரோட்டம் பார்க்கத் தேங்காயை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு ஒருவர் காட்டைச் சுற்றி நடந்தாராம். தேங்காய் எழுந்து நின்ற இடத்திலெல்லாம் போட்டார்களாம்.

"தேங்கா நின்னுச்சுங்க. தண்ணிதான் வரல" என்றார் கிட்டுசாமி. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை.

அவருக்கு மகள் இன்ஜினீயராக வேண்டும். மகளுக்குச் சேலத்தில் அரசுக் கல்லூரியில் ஜியாலஜி படிக்க வேண்டும். விண்ணப்பமும் போட்டுவிட்டாள். "கல்லையும் மண்ணையும் படிச்சு என்னங்க பண்றது? அது இங்கயே கெடக்குது" என்றார். சார் உடனே சிலபஸ், பிளேஸ்மென்ட், ஏசி பஸ் என்று ஆரம்பித்தார். அந்தப் பெண் காதிலேயே வாங்கவில்லை. என்னைப் பார்த்து, "மேடம், நீங்க சிவில்ங்களா?" என்றாள்.

ஆமாம் என்றதும் உள்ளே ஓடி ஒரு அட்டைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அதில் டானிக் பாட்டில்கள். போர் வண்டி ஒவ்வொரு குழாயை இறக்கும்போதும் மேலே வந்த தூளைப் பிடித்து ஒரு பாட்டிலில் போட்டு, எத்தனை அடி என்று ஒட்டி வைத்திருக்கிறாள். நான்கு போருக்கும் நான்கு வரிசை. தரையில் அடுக்கிக் காட்டினாள்.

"இந்தச் செவந்த தூளப் பாருங்க மேடம். கெழக்கால போர்ல நூத்தி எம்பதுல வந்துச்சு. அடுத்ததுல எறநூத்தி இருவது. அதுக்கு அடுத்ததுல எறநூத்தி அறுவது. நாலாவதுல வரவே இல்ல, அப்பா முந்நூறுல நிறுத்திட்டாரு. செவப்பு வந்தப்பதான் தூளு ஈரமா இருந்துச்சு. அப்ப அது சாஞ்சு போவுதுங்களா?"

அவளுக்கு இதை யாரும் சொல்லித்தரவில்லை. வெடிப்புள்ள பாறை சரிந்து போகிறது, தண்ணீர் இருந்தால் அதில்தான் இருக்கும். ஒன்பது வருஷத்தில் என் வகுப்பில் ஒரு பிள்ளை இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஒரு அரை மணி நேரம் எதற்காக வந்தேன் என்பதே மறந்துபோனது.

சார் தொண்டையைச் செருமினார்.

அப்போது சொன்னேன்: "சிவில்லயும் ஜியாலஜி இருக்கும்மா."

அவள் முகம் அப்படியே விரிந்தது. கிட்டுசாமியும் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்படிங்களா டீச்சர்? அப்ப ரெண்டும் ஒண்ணுதானுங்களே!"

அவருடைய மனைவி சாவித்திரி நாங்கள் இருந்த நேரம் முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை. மோர் கொண்டுவந்து கொடுத்தார். டம்ளரை வாங்கும்போது என்னையே பார்த்தார்.

மே 21, புதன்

நான் சொன்னது பொய் இல்லை. சிவிலில் ஜியாலஜி இருக்கிறது. எட்டு செமஸ்டரில் ஒரு பேப்பர்.

இட்லி மாவு புளித்துவிட்டது. ஃப்ரிட்ஜ் சரியாகக் குளிர்வதில்லை.

மே 26, திங்கள்

இரண்டு ஆயிற்று, மூன்றும் ஆயிற்று. மூன்றாவது பிள்ளை பாலிடெக்னிக்கிலிருந்து நேராக இரண்டாம் ஆண்டுக்கு வருகிறான். அதைக் கணக்கில் சேர்ப்பதா என்று ஆபீசில் ஒரு மணி நேரம் யோசித்துவிட்டுச் சேர்த்துக்கொண்டார்கள். நான் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். மார்க் கூட்டித் தரச் சொல்லி ஸ்டாஃப் ரூம் வாசலில் நிற்கும் பிள்ளைகளின் ஞாபகம் வந்தது.

கிட்டுசாமி தினமும் போன் செய்கிறார். "டீச்சர், பஸ்ஸு எங்கூரு மேட்டுல நிக்குமுங்களா?" "டீச்சர், சேலம்னா ஆஸ்டல்ல சேக்கோணும், பொம்பளப் புள்ளயத் தனியா உடறது நொம்ப யோசனையா இருக்குதுங்க." அவர் கெட்ட மனிதர் இல்லை. மகளைக் காபந்து பண்ண நினைக்கிறார். காபந்து என்றால் கண்ணெதிரே வைத்திருப்பது என்று நினைக்கிறார். எனக்கும் ஒரு பெண் இருக்கிறாள், ஒன்றாம் வகுப்பு. பக்கத்துத் தெருவுக்குத் தனியாக அனுப்ப எனக்கே மனம் வருவதில்லை.

மே 30, வெள்ளி

மறுபடியும் கல்லாங்காட்டுப்புதூர். சார் வரவில்லை, நான் மட்டும் ஸ்கூட்டியில். "இன்னைக்கு முடிச்சிருங்க மேடம்" என்று சொல்லி அனுப்பினார்.

கிட்டுசாமி காட்டுக்குப் போயிருந்தார். பவதாரணி நேராகக் கேட்டாள்.

"மேடம், நாலு வருஷத்துல எத்தன பேப்பரு ஜியாலஜி?"

"ஒண்ணும்மா."

"மத்ததெல்லாம்?"

"கட்டடம், ரோடு, பாலம்."

"அதெல்லாம் கல்லு மேல கட்டறது. எனக்குக் கல்லுக்குள்ள பாக்கோணும் மேடம்." கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. "நீங்க அன்னிக்கு அப்பாகிட்டச் சொன்னதுல இருந்து, ரெண்டும் ஒண்ணுதான், உள்ளூர்லயே படின்னு சொல்றாரு. அதுக்கு முன்னாடி பாதி எறங்கி வந்திருந்தாரு. அம்மாதான் பேசிப் பேசிக் கொண்டுவந்திருந்துச்சு."

காபி நன்றாக இருக்கிறது என்றேன். அது காபி இல்லை, டீ.

கிட்டுசாமி வந்ததும் சொல்லத்தான் வாயெடுத்தேன். ஒரே ஒரு பேப்பர்தானுங்க, உங்க பொண்ணு சொல்றதுதான் சரி என்று சொல்ல வேண்டும். அதற்குள் அவர் முந்திக்கொண்டார். "டீச்சர், மனசு கெடந்து அடிச்சுக்குது. இவ ஒண்ணு சொல்றா, நீங்க ஒண்ணு சொல்றீங்க. எங்க செல்லாண்டியம்மங் கோயில்ல பூ வாக்குக் கேட்டறலாம்னு இருக்கறேன். வெள்ள வந்தா உங்க காலேஜு. செவப்பு வந்தா சேலம். ஆத்தா சொன்னா மறுபேச்சு கெடையாது."

இந்தப் பக்கம் கல்யாணம், நிலம், கிணறு, எதுவானாலும் இதுதான். வெள்ளை அரளியை ஒரு பொட்டணத்திலும் சிவப்பு அரளியை ஒரு பொட்டணத்திலும் வைத்துக் கட்டி, அம்மன் காலடியில் வைத்து, ஒரு குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள்.

"வர்ற வெள்ளிக்கெழம நீங்களும் வரோணும் டீச்சர். ஊட்டு ஆளுங்க கட்டுனா முடிச்சு அடையாளம் தெரிஞ்சு போயிரும். பொதுவுல இருக்கறவங்கதான் கட்டோணும். நீங்களே கட்டிக் குடுத்துருங்க."

பொதுவில் இருக்கிறவள்! எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. சரிங்க என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

ஜூன் 2, திங்கள்

நாலு. இன்னும் ஒன்று.

புவனேஸ்வரன் சாருக்கு ஐந்து முடிந்து ஆறாவது நடக்கிறது. பூ வாக்கு விஷயத்தைச் சொன்னதும் கேண்டீனில் டீயைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "மேடம், பழம் நழுவிப் பால்ல விழுந்திருக்குது. ரெண்டு பொட்டணத்துலயும் வெள்ளையவே வெச்சுக் கட்டிருங்க. எடுக்காத பொட்டணத்த யாரும் பிரிக்க மாட்டாங்க, கெணத்துல போட்டுருவாங்க. நம்ம ஊரு வழக்கமே அதுதான?"

"சாமி விஷயம் சார்" என்றேன்.

"சாமிக்கு வீட்டு லோன் இல்லைங்க மேடம்."

விளையாட்டாகத்தான் சொன்னார். எனக்குத்தான் சிரிக்க வரவில்லை.

ஜூன் 3, செவ்வாய்

யாழினிக்கு மழைக்கோட்டு வாங்கினேன். வெயில் கொளுத்துகிறது, ஆனாலும் பள்ளியில் லிஸ்டில் இருக்கிறதாம்.

மதியம் எச்.ஓ.டி. கூப்பிட்டார். அவருக்கும் இரண்டுதான் ஆகியிருக்கிறது. "ரேணுகா, நீ தப்பிச்சிருவ. அந்த ஐந்நூத்தி இருவத்தேழு வந்துச்சுன்னா டிபார்ட்மென்டே தப்பிச்சிரும். பேனர்ல போட்டோ போடலாம்" என்றார். அவருக்கு ஐம்பத்து நான்கு வயது. பேசும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை, ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

ஜூன் 5, வியாழன்

நாளைக்குக் கோயில்.

சாயங்காலம் இவர் தறிக்குடோனிலிருந்து வந்து, "ஆறு தறியில ரெண்ட வித்தறலாமான்னு இருக்கறேன்" என்றார். என்னிடம் யோசனை கேட்கவில்லை, தகவல் சொன்னார். என் சம்பளம் நிலையாக வருகிறது என்ற தைரியத்தில்தான் அப்படிச் சொல்ல முடிகிறது. நான் சரி என்று தலையாட்டினேன். வேறு என்ன செய்ய?

அந்தப் பெண் எங்கள் கல்லூரிக்கு வந்தால் மோசமாகப் போய்விட மாட்டாள். கெட்டிக்காரி. நானே தனியாக உட்கார்ந்து சொல்லித்தருவேன். லேபில் மண் சோதனை மிஷின் சும்மாதான் கிடக்கிறது. கல்லூரியில் அவளை எல்லாரும் தலையில் வைத்துக் கொண்டாடுவார்கள். இதையெல்லாம் காலையிலிருந்து எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? எங்களிடம் இருப்பது ஒரு பேப்பர்.

அம்மன் கோபக்காரி என்கிறார்கள். தப்பாக எதுவும் நடந்துவிடக் கூடாது.

ஜூன் 6, வெள்ளி

தலைக்குக் குளித்துவிட்டுப் போனேன். சார் காரில் வந்தார். ஊருக்கு வெளியே சின்னக் கோயில். வேப்பமரம், பக்கத்தில் ஒரு பாழுங்கிணறு. கிட்டுசாமி புது வேட்டி கட்டியிருந்தார். பவதாரணி ராத்திரி முழுக்க அழுதிருக்க வேண்டும், கண் இரண்டும் வீங்கியிருந்தது. சாவித்திரி அவளுக்கு ஒரு அடி பின்னால் நின்றுகொண்டிருந்தார்.

பூசாரி ஒரு தட்டில் இரண்டு நிற அரளியும் கொஞ்சம் வாழை இலைத் துண்டும் நூலும் வைத்துக் கொடுத்தார். "அந்தப் பக்கமாத் திரும்பிக் கட்டுங்க தாயி. ஒண்ணுல வெள்ள, ஒண்ணுல செவப்பு. ரெண்டும் ஒரே அளவா இருக்கோணும்."

மரத்துக்குப் பின்னால் போய்த் திரும்பி நின்று கட்டினேன்.

சார் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். பூசாரி கற்பூரம் காட்டினார். அவருடைய பேத்தி, பல் விழுந்த வாயோடு சிரித்துக்கொண்டு வந்து, இரண்டையும் தொட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டு, இடது பக்கத்துப் பொட்டணத்தை எடுத்தாள்.

பூசாரி பிரித்தார். சிவப்பு.

பவதாரணி கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கிட்டுசாமி அந்தப் பூவை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "சரி. ஆத்தா சொல்லிட்டா. போயிட்டு வா அம்மிணி, நல்லாப் படி" என்றார். சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது. அந்தப் பெண் அப்பாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். சொன்ன வார்த்தை மாறாத மனிதர். அவரைக் கையெடுத்துக் கும்பிடலாம் போல இருந்தது எனக்கு.

எடுக்காத பொட்டணத்தைப் பூசாரி கிணற்றில் போடப் போனார். "குடுங்க சாமி, நாம் போட்டுட்டு வர்றேன்" என்று சாவித்திரி வாங்கிக்கொண்டார். இன்றைக்குத்தான் அவர் குரலை நான் முதலில் கேட்டேன். கிணற்றடியில் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். ஒரு பொட்டணத்தைப் போட அவ்வளவு நேரம் ஆகாது.

திரும்பி வந்தபோது கை காலியாக இருந்தது. என் பக்கத்தில் வந்து, "வெயிலு நொம்ப இருக்குதுங்க. சித்த நெழலுக்கு வாங்க" என்றார். அவ்வளவுதான்.

கிட்டுசாமிக்கு என்னை வெறுங்கையோடு அனுப்புவதில் சங்கடம். "இத்தன தூரம் அலைஞ்சீங்க. இதுனால உங்களுக்கு ஒண்ணும் ஆயிராதுங்களே டீச்சர்?"

"எனக்கென்னங்க" என்றேன்.

காரில் சார், காங்கயம் தாண்டியதும், "நான் சொன்னபடி செஞ்சிருக்கலாம் மேடம்" என்றார். ஆமாம் சார் என்றேன்.

ஜூன் 8, ஞாயிறு

கைப்பையைக் கவிழ்த்துச் சுத்தம் செய்தேன். சில்லறை, பேனா மூடி, பழைய நோட்டீஸ், வாடிப்போன ஒரு வெள்ளை அரளி. அரளி விஷம், யாழினி கையில் பட்டுவிடக் கூடாது என்று காகிதத்தில் சுற்றிக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டுக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன்.

ஜூன் 11, புதன்

யாழினிக்குக் காய்ச்சல். நூற்றிரண்டு. டாக்டர் சாதாரண வைரல் என்கிறார்.

மஞ்சள் துணியில் ஒரு ரூபாய் முடிந்து சாமி படத்துக்கு முன்னால் வைத்தேன். "என்ன வேண்டுதல்? யாருக்கு?" என்று இவர் கேட்டார். செல்லாண்டியம்மனுக்கு என்றேன். "அது நம்ம குலதெய்வம் இல்லையே?" என்றார். சும்மா என்றேன்.

தண்டனை கொடுப்பதாக இருந்தால் எனக்குக் கொடு தாயே, குழந்தையை விட்டுவிடு.

ஜூன் 13, வெள்ளி

காய்ச்சல் இறங்கிவிட்டது. தோசை கேட்டாள். மூன்று தின்றாள்.

ஜூன் 24, செவ்வாய்

தினம் இரண்டு ஊர். தாராபுரம் பக்கம் ஒரு பையன் வருகிறேன் என்றான். மறுநாள் போன் சுவிட்ச் ஆஃப். ஊதியூரில் ஒரு அம்மா, "நேத்துத்தானுங்க உங்க காலேஜுல இருந்து இன்னொரு டீச்சர் வந்து எழுதிட்டுப் போனாங்க" என்றார். எங்கள் எச்.ஓ.டி.தான். அவருக்கு அது நாலாவது. அவரிடம் சண்டை போடவா முடியும்?

ஜூன் 30, திங்கள்

நாலுதான்.

பிரின்சிபால் உட்காரச் சொல்லி டீ வரவழைத்தார். மிகவும் மரியாதையாகப் பேசினார். நல்ல டீச்சர், நல்ல பேர், மேனேஜ்மென்ட் முடிவு, அவர் கையில் எதுவும் இல்லை. "மரியாதையா நீங்களே எழுதிக் குடுத்தா எக்ஸ்பீரியன்ஸ் சர்டிபிகேட்ல நல்லபடியாப் போட்டுத் தர்றோம்" என்றார். எழுதிக் கொடுத்தேன். டீ ஆறிப்போயிருந்தது.

லேபில் என் மேஜையைக் காலி செய்தேன். சல்லடைகளைத் துடைத்து அடுக்கி வைத்துவிட்டு வந்தேன். துடைக்காமலே வந்திருக்கலாம். பழக்கம்.

ஜூலை 1, செவ்வாய்

இவரிடம் சொன்னேன். கத்துவார் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் வாசலில் போய் நின்றுவிட்டு உள்ளே வந்து, "சரி, அடுத்து என்ன பண்றதா உத்தேசம்?" என்றார்.

எனக்கு அடக்க முடியாமல் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு மாதமாக ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு பிள்ளையிடமும் நான் கேட்ட கேள்வி. எத்தனை பேர் தலையைக் குனிந்துகொண்டு, பெருவிரலால் தரையைக் கீறிக்கொண்டு, "தெரியலீங்க மேடம்" என்றார்கள். அப்போது எனக்கு எரிச்சலாக வரும். பதினேழு வயதில் இதுகூடத் தெரியாதா என்று தோன்றும். எனக்கு முப்பத்து மூன்று.

"தெரியலைங்க" என்றேன்.

தறியை விற்கவில்லை. இரண்டு நாளில் யோசிக்கலாம் என்றார். ராத்திரிச் சமையலுக்கு அவரே வெங்காயம் உரித்தார்.

ஜூலை 3, வியாழன்

ஈரோட்டில் ஒரு மண் பரிசோதனை லேபில் கேட்டுப் பார்த்தேன். "ஒம்பது வருஷமா டீச்சிங்கா? ஃபீல்டு அனுபவம் இல்லையே மேடம்" என்றார்கள். மாசம் பொறந்து சொல்கிறோம் என்றார்கள். மாசம் பொறந்து மூன்று நாள்தான் ஆகிறது.

ஜூலை 6, ஞாயிறு

காலையில் காங்கயம் பஸ் ஸ்டாண்டில் ஒரு குரல், "மேடம்!" என்று. பவதாரணி. புது இரும்புப் பெட்டி, பக்கெட், சுருட்டிய பாய். சேலத்தில் ஹாஸ்டலில் சேரப் போகிறாள். கிட்டுசாமி பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் இடம் பிடிக்க ஓடிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் பெட்டியோடு கும்பிட முயன்று, தடுமாறி, சிரித்தார்.

"மேடம், பாட்டிலெல்லாம் எடுத்துட்டுப் போறேன்" என்றாள் அவள். பையைத் திறந்து காட்டினாள். செவந்த தூள் பாட்டில்களை மட்டும் துணியில் சுற்றி வைத்திருந்தாள். "அங்க ஒரு சாருகிட்டப் போன்ல சொன்னேன். எடுத்துட்டு வா பாக்கலாம்னாரு. உங்க காலேஜு எப்ப மேடம் தொறக்கறாங்க?"

"அடுத்த மாசம்" என்றேன்.

அவள் பஸ்ஸில் ஏறப் போனாள். சாவித்திரி ஏறவில்லை. என் பக்கத்திலேயே நின்றார். கையில் முறுக்குப் பொட்டலம் ஒன்று, மகளுக்குக் கொடுக்க வைத்திருந்தது. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்:

"அன்னிக்கு நீங்க பூக் கட்டறப்ப வெள்ளப் பூவு பையிக்குள்ள போறதப் பாத்தேனுங்க. நாம் மரத்துக்கு அந்தப் பக்கந்தான் நின்னுட்டிருந்தேன்."

பஸ் ஜன்னலில் பவதாரணி தெரிகிறாளா என்று பார்த்தேன்.

"கெணத்துல போடறதுக்கு முன்னால பிரிச்சும் பாத்தேனுங்க. அதுவுஞ் செவப்பு." பொட்டலத்தின் நூலை இறுக்கினார். "அவுங்கப்பனுக்குத் தெரியாது. அம்மிணிக்குந் தெரியாது. தெரியவும் வேண்டாம். எந்த ஆத்தாளுக்குக் கும்பிடு போடறதுன்னு எனக்கு மட்டும் தெரிஞ்சாப் போதுமுங்க."

கண்டக்டர் விசில் அடித்தார். முறுக்குப் பொட்டலத்தை என் கையில் திணித்துவிட்டு ஓடிப்போய் ஏறிக்கொண்டார். பஸ் போன பிறகு அங்கேயே நின்று அழுதேன். நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள், பார்க்கட்டும்.

முறுக்கை யாழினி தின்றுவிட்டாள். மஞ்சள் துணியை எடுத்துப் பையில் வைத்திருக்கிறேன். வருகிற வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய் அந்தக் காசை உண்டியலில் போட வேண்டும். இனி வெள்ளிக்கிழமையும் எனக்கு லீவுதான்.